மண் தின்னாத பை

"நாளைக்கு எங்க எமிலைக் கோர்ட்டுல நிறுத்தறாங்க சார். மண்புழு சாகக் கூடாதுன்னு உழவையே விட்ட மனுஷன், ஒரு பொம்பளையைக் கொல்லுவாரா?"

எமிலின் மனைவி டார்லா அழவில்லை. அழுது முடித்த முகம் அது. துப்பறிவாளர் லிண்ட்கிரென் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். உதவியாளர் ரெனாட்டா அதற்குள் குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

இறந்தவள் லெனோர். வயல் வயலாகப் போய் மண்ணைச் சோதித்து, கோதுமை மூட்டைக்கு 'உயிர்மண்' லேபிள் தரலாமா என்று முடிவு செய்பவள். ஜூன் மாதம் ஒருநாள் காலையில் எமிலின் வயலுக்கு வந்தாள். மதியம் பக்கத்து வயல் வேட் ஹாஸ்கினிடம் போக வேண்டியவள், வரவேயில்லை என்றான் வேட். இரண்டு மாதம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, எமிலின் வயலில் அவள் பிணம் கிடைத்தது. மண்டை பிளந்திருந்தது.

ஷெரீஃப் அலுவலகத்தில், பிணத்தின் தோளில் கிடந்த மண் மாதிரிப் பையை ரெனாட்டா இழுத்துப் பார்த்தாள்.

"சுத்தப் பருத்தி சார். ரெண்டு மாசம் புதைஞ்சு கிடந்தும் ஒரு நூல் பிரியலை. அலசினா கடைக்கு எடுத்துட்டுப் போகலாம்."

"கிளம்பு. ஷெரீஃபையும் மண்வெட்டியையும் கூட்டிட்டு வா."

"ரெண்டும் ஒரே மொண்ணைதான் சார்," என்றாள் ரெனாட்டா.

நெப்ராஸ்காவின் அந்தப் பகுதியில் லேபிள் வாங்கியவர்கள் ஏப்ரலில் வயலில் புதுப் பருத்தி ஜட்டி ஒன்றைப் புதைத்துக் கொடி நடுவார்கள். ஆகஸ்ட் கடைசி விருந்தில் ஊரே கூடித் தோண்டும். உயிருள்ள மண் துணியைத் தின்று இடுப்பு எலாஸ்டிக்கை மட்டும் விட்டுவைக்கும். துணி மிஞ்சியவன் பாடு அன்று திண்டாட்டம்தான்.

எமிலின் கொடியடியில் எலாஸ்டிக் மட்டுமே கிடைத்தது.

வேட் தன் கொடிக்கு முன்னால் வந்து நின்றான். "விருந்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குய்யா. என் ஜட்டி மேல அவ்வளவு ஆசையா?"

ரெனாட்டா தோண்டினாள். ஜட்டி முழுசாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் விருந்துக்கு முந்தின நாள் ஜட்டியை எடுத்துட்டு வெறும் எலாஸ்டிக்கை வச்சிருப்பே. இந்த வருஷம் லெனோர் சொல்லாம வந்து தோண்டிப் பார்த்துட்டா," என்றார் லிண்ட்கிரென். "எமில் மண்ணு ரெண்டு மாசத்துல அந்தப் பையைத் தின்னிருக்கும். அப்போ அவ கிடந்தது செத்த மண்ணுல. விருந்து வரைக்கும் யாரும் தொடாத இடம் இந்தக் கொடியடிதான். விருந்துன்னா ஊரே இங்கே தோண்டும். அதான் அவளை எமில் வயலுக்கு மாத்தினே. ரெனாட்டா, இன்னும் ஆழமா."

மூன்றடியில் ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. கூடவே வந்திருந்த டார்லா, அது லெனோருடையது என்று அடையாளம் சொன்னாள்.

வேட் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "லேபிள் போனா மில்லுக்காரன் என் கோதுமையைத் தொடமாட்டான். எங்க தாத்தா நிலம்... கெஞ்சினேன். ரிப்போர்ட் எழுதித்தான் ஆவேன்னா."

மறுநாள் எமில் வீடு திரும்பினான். வாசலில் நிற்காமல் நேரே வயலுக்குப் போனான். லெனோரின் பிணத்தை எடுத்த குழியை யாரும் மூடியிருக்கவில்லை.

"எத்தனை நாள் இங்கே கிடந்தா?"

"மூணு நாள்னு வேட் ஒத்துக்கிட்டான்," என்றாள் ரெனாட்டா.

எமில் தொப்பியைக் கழற்றினான். "அன்னிக்குக் காலையில இதே இடத்துலதான் ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்துச் சிரிச்சா. 'இன்னிக்குப் பார்க்கற மிச்ச வயலெல்லாம் இப்படியே இருந்தா நல்லாயிருக்கும்'னு சொல்லிட்டுப் போனா."

அவன் மண்வெட்டியை எடுக்கவில்லை. முழங்காலிட்டு, கையாலேயே குழியை மூடத் தொடங்கினான்.