செத்தவன் புரட்டிய ஏலக்காய்

உங்கள் வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வீர்கள்?

பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பீர்கள். அங்கேயும் இல்லையென்றால் மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி.

உடும்பஞ்சோலைக்கு மேலே இருக்கும் அந்தத் தொழிலாளர் லயத்தில் கரண்ட் போனால் கதை வேறு. நூற்றுப் பன்னிரண்டு வீடும் ஒரே ஒருவனைத்தான் எட்டிப் பார்க்கும்.

சோலையை.

சோலை லைன்மேன்.

புதன்கிழமை மாலை நாலேகால் மணிக்கு அவனுடைய போன் அலறியது. மூன்று நாள் மழையில் நனைந்த சட்டையை அப்போதுதான் கழற்றிப் போட்டிருந்தான்.

செக்‌ஷன் ஆபீசிலிருந்து உதவி இன்ஜினீயர், ஏ.இ., பேசினார். சுருக்கமாகத்தான் பேசினார். ஈஸ்வரன் முதலாளியின் ஏலக்காய் ஸ்டோரில் ஒருத்தன் ஷாக் அடித்துச் செத்துக் கிடக்கிறான். காலையில் லைனை சார்ஜ் பண்ணி கரண்ட் விட்டது நீ. போலீஸ் உன்னைத்தான் கேட்கிறது. போ.

சோலை ஈரச் சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஞாயிறு மதியம் பெருங்காற்றில் ஒரு மரம் லைன் மேல் விழுந்து மூன்று போஸ்ட் ஒடிந்தது. அன்று போன கரண்ட், புதன் காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. இத்தனை மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லையென்றால் வீட்டுக்கு வீடு நஷ்டபரிகாரம் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. லயத்துக்காரர்கள் அதைப் படித்துவிட்டார்கள். சாய்ந்து நின்ற மரத்தை வெட்டச் சொல்லி நாலு மாசத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தோம், ஆபீஸ் வெட்டவில்லை, அதனால் ஆபீஸ்தான் பொறுப்பு என்று நூற்றுப் பன்னிரண்டு மனு செவ்வாயன்றே போய்விட்டது.

அதிலிருந்து ஏ.இ.க்குத் தூக்கம் இல்லை. போடு, சீக்கிரம் போடு என்று போனிலேயே விரட்டினார்.

சார்ஜ் பண்ணுவதற்கு முன் லைனைக் கடைசி வீடு வரை நடந்து பார்க்க வேண்டும். சோலை பார்த்தான். ஈஸ்வரனின் ஸ்டோருக்குப் போகும் கடைசிச் சரிவைத் தவிர.

அங்கே கம்பி அறுந்து உரசிக் கிடந்தால் ஸ்டோரில் இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும். அந்த ஒரு சரிவு…

ஸ்டோர் வாசலில் கூட்டம். யாரும் அவனுக்கு வழி விடவில்லை. அவனாக விலக்கிக்கொண்டு போனான்.

செத்தவன் சூசையப்பன். ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறவன். வாசலில் அவன் மனைவி பெர்சி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சோலையைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்ணே… ஒரு எட்டு நடந்து பாத்திருக்கக் கூடாதா?"

சோலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

பெர்சி வீட்டில் இந்த வாரம் இது இரண்டாவது பிணம். சூசையப்பனின் அண்ணன் பல வருஷம் தோட்டத்தில் மருந்தடித்து நுரையீரல் கெட்டவர். தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ்காரர்கள் கொடுத்த ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு. மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். திங்கள் சாயங்காலம் மூச்சு நின்றது. செவ்வாய் அடக்கம். அந்த உயிருக்கும் சேர்த்துத்தான் சூசையப்பன் மனு எழுதியிருந்தான்.

உள்ளே எஸ்.ஐ. சிவசங்கரி நின்றாள். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து போலீஸானவள்.

சூட்டுக் காற்றை ஊதும் மோட்டாருக்குப் பக்கத்தில் பிணம். வலது உள்ளங்கை கருகியிருந்தது. பின்மண்டையில் ரத்தம். விழும்போது இரும்புச் சட்டத்தில் அடிபட்டிருக்கும் என்றார் ஈஸ்வரன். வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு, தொண்டையில் சோகம். நேற்றே போடிக்குப் போனதாகவும், இன்று நாலு மணிக்குத்தான் திரும்பியதாகவும், கதவைத் திறந்தால் இந்தக் கோலம் என்றும் சொன்னார். உடம்பு விறைத்திருந்தது. விறகடுப்பை மூட்டிக் காயைத் தட்டில் பரப்பி வைத்திருக்கிறான், ஏழு மணிக்குக் கரண்ட் வந்திருக்கிறது, மோட்டாரைத் தொட்டிருக்கிறான். அந்த நிமிஷமே போயிருக்கிறான் என்பது அவர் கணக்கு.

"கொலைங்க இது. ஆபீஸ்காரன் செஞ்ச கொலை" என்றார்.

சிவசங்கரி சோலையிடம் கேட்டாள், கடைசி வரை நடந்தாயா என்று. இல்லை என்றான். அவள் எழுதிக்கொண்டாள். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வர நாளாகும், அதுவரை நீ ஸ்டேஷனில் இருக்க வேண்டியதுதான் என்றாள்.

ஸ்டேஷன். அப்புறம் கேஸ். அப்புறம் ஜெயில். வேலை போகும். வீட்டில் கற்பகமும் இரண்டு பிள்ளைகளும்…

சோலை பக்கத்திலிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டான்.

கைக்குள் ஏலக்காய்.

அவன் அம்மா இருபது வருஷம் இந்த மாதிரி ஸ்டோரில் வேலை பார்த்தவள். யோசிக்காமலேயே ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். பச்சை. அடுத்த தட்டு. பச்சை. அடித்தட்டு இன்னும் சுட்டது; கையை விட்டு அடியிலிருந்து அள்ளினான்.

அதுவும் பச்சை.

"மேடம், ஒரு நிமிஷம் இங்க வர்றீங்களா?"

"என்னய்யா?"

"இதப் பாருங்க."

"நான் தேயிலைக்காரி. ஏலக்காய டீயில போட்டுக் குடிக்கத்தான் தெரியும். சொல்லு."

சோலை குரலைத் தாழ்த்தினான்.

"பச்சக் காய சூட்டுல போட்டா ரெண்டு மணிக்கொருதரம் கையால புரட்டி விடணும் மேடம். இல்லைன்னா அடிக்காய் வெந்து செவந்து வெடிச்சிரும். ஏழு மணிக்கே ஆள் செத்துட்டான்னு சொல்றாரு. இப்ப நாலரை. ஒரு காய்கூட வெடிக்கல."

சிவசங்கரி தட்டைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள். கடைசியாக ஈஸ்வரனைப் பார்த்தாள்.

பிறகு சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் அவரிடம் போனாள். நஷ்டத்துக்கு நீங்களும் மனு போட்டிருக்கிறீர்களாமே என்றாள். ஆமாம், கரண்ட் இல்லாமல் ஸ்டாக் பூராவும் பூஞ்சை பூத்துப் போய்விட்டது, லட்சக்கணக்கில் நஷ்டம், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கே போகப்போகிறேன் என்றார் அவர்.

"அப்ப இந்தத் தட்டுல இருக்கறதும் கெட்ட சரக்குதானா?" என்றாள் சிவசங்கரி. "பாத்தாலே மட்டமாத்தான் தெரியுது."

ஈஸ்வரனின் முகம் சுருங்கியது. மூன்று தலைமுறையாக ஏலக்காய் போடுகிற குடும்பம்.

"மட்டமா? ஏம்மா, இது முதல் தரம். நிறத்தப் பாருங்க. நேரத்துக்கு நேரம் புரட்டாம இந்த நிறம் வருமா?"

"யாரு புரட்டினா?"

ஈஸ்வரன் பிணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சூசை… சூசைதான்."

"ஏழு மணிக்கே செத்தவன், மத்தியானம் வரைக்கும் எந்திரிச்சு எந்திரிச்சுப் புரட்டினானா?"

ஈஸ்வரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அங்கேயே ஒரு காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். போன மாசமே ஸ்டாக் பூத்துக் கெட்டுவிட்டது. அந்த நஷ்டத்தை ஆபீஸ் தலையில் கட்ட ஒரு நீண்ட பவர்கட் வேண்டியிருந்தது. ஞாயிறன்று காற்று வந்தது. சாய்ந்து நின்ற மரத்தின் வேரைச் சரிவுப் பக்கமாக மரம் அறுக்கும் வாளால் அறுத்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடினார். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. அறுத்ததைத் தூரத்திலிருந்து சூசையப்பன் பார்த்திருக்கிறான். அண்ணன் சாகிறவரை வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை நேராக ஸ்டோருக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

திரும்பியவனின் பின்மண்டையில் விறகுக்கட்டை இறங்கியது.

செத்தவன் கையை வயரில் வைத்தது அதற்குப் பிறகு. போடிக்குப் போகவே இல்லை.

"சரி. ஆள முடிச்சாச்சு. உடனே ஓடிப்போகாம சாயங்காலம் வரைக்கும் இங்க எதுக்கு இருந்தீங்க?" என்றாள் சிவசங்கரி.

ஈஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே புரியாதவர்போல்.

"முந்நூறு கிலோ பச்சக் காய் தட்டுல கெடக்கு. அவன் செஞ்ச தப்புக்கு சரக்கு என்னம்மா பண்ணும்? வேக விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

பிணத்தைத் தாண்டித் தாண்டிப் போய், நாலு தடவை புரட்டியிருக்கிறார்.

விலங்கு மாட்டியபோது ஏ.இ.யின் ஜீப் வந்து நின்றது. விஷயத்தைக் கேட்டவர் முதலில் சோலையின் தோளைத் தட்டினார். பிறகு சிவசங்கரியிடம், மரத்தை ஆள்தான் அறுத்தான் என்ற அந்த ஒரு வரியை மறக்காமல், தெளிவாக, தேதி போட்டு எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஆபீசுக்கு ஒரு காப்பியும் வேண்டுமாம்.

எதற்கு என்று சோலை கேட்கவில்லை. உயிர் வந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மின்தடைக்குக் காரணம் வெளியாளின் செயல், ஆபீசின் குறை அல்ல என்று முத்திரை குத்தி, நூற்றுப் பன்னிரண்டு மனுக்களும் தள்ளுபடியாயின. திருப்பிக் கொடுக்கும் வேலை அந்த லயத்து லைன்மேனுக்கு. சோலை வீடு வீடாகப் போனான். பெர்சியிடம் இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கி, மடித்து, அணைந்து கிடந்த ஆக்சிஜன் மெஷின் மேல் வைத்தாள்.

அன்று காலை கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை.