மணல் ஒட்டாத கால்

நெட்டுக்குப்பத்துக் கறுப்பு மணல் லேசில் விடாது. ஒரு தடவை காலை வைத்தால் போதும், நகத்திடுக்கு, கொலுசு இடுக்கு என்று புகுந்துகொண்டு மூன்று நாள் கூடவே குடித்தனம் நடத்தும். நர்மதாவோடு ஆபீசிலிருந்து வந்த ஜெரினாவுக்கு முழங்கால் வரை அப்பியிருந்தது. பாரி உட்கார்ந்து எழுந்த பேன்ட் முழுக்கக் கறுப்பு. நர்மதாவின் கால் மட்டும் பளிச்சென்று இருந்தது, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி.

"எப்படிடி ஒனக்கு மட்டும் ஒட்டல?" என்றாள் ஜெரினா.

நர்மதா சிரித்து வைத்தாள்.

அரை மணி நேரத்துக்கு முன்பு நடந்ததே இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வீடு அண்ணா நகர், அப்பா ஹார்பரில் ஆபீசர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு வருடமாக அந்தப் பொய்யை மடிப்புக் கலையாமல் காப்பாற்றியவள். ஞாயிற்றுக்கிழமை சர்ஃபிங் என்றதும் கோவளம்தான் என்று நம்பிக் காரில் ஏறிவிட்டாள். பாரி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வண்டியை எண்ணூருக்கு, அவள் பிறந்த நெட்டுக்குப்பத்துக்கே விட்டான். கறுப்பு மணல், கூட்டமில்லாத கரை, கயிற்று ஊஞ்சல், கொட்டகையில் மெதுவாகப் பாடும் ஸ்பீக்கர், சுடச்சுட டீ. அந்தக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சர்ஃப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தவர் குமாரவேல். அவளைப் பெற்றவர்.

"நம்மு! இன்னா கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்துகீற?"

"ஒனக்குத் தெரிஞ்சவரா?" என்றான் பாரி.

"சே, யாருன்னே தெரியாது," என்றாள் நர்மதா. அதோடு விட்டாளா? "இன்னா கண்ணூ..." என்று அவர் பேச்சை இழுத்துக் காட்டிச் சிரிக்க வேறு செய்தாள்.

குமாரவேல் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மெழுகைப் பார்த்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார். பொய் சொல்லும்போது அவருக்கு மூக்கு அரிக்கும்.

"தப்பா நென்ச்சிக்காதீங்க மேடம். எம் பொண்ணு கணக்கா கீறீங்க, அதான்."

பெற்ற தகப்பன் மகளின் பொய்க்கு முட்டுக் கொடுத்தார். காது மடல் எரிந்தது அவளுக்கு. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி. திறக்கவில்லை.

நாலரை மணிக்கு மற்ற இருவரும் பலகையோடு தண்ணீரில் இறங்கிய பிறகு, நெஞ்சு தாங்காமல் அவரிடம் ஓடினாள். காற்றில் டீசலும் வெயிலில் காயும் நெத்திலியும் கலந்த வாடை வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வாடைதான், இன்று ஏனோ எங்கோ தூரத்தில் வீசுவது போலிருந்தது.

"நைனா, தப்பு பண்ணிட்டேன் நைனா. அவங்க கைல நானே சொல்லிட்றேன். வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

குமாரவேல் நிமிர்ந்தார். அதே கண்தான். அதில் அவள் இல்லை.

"பலகை வோணுமா மேடம்? சின்னதா, பெர்சா?"

"நைனா, நான் நம்மு."

"எம் பொண்ணு வூட்ல கீறா மேடம். இப்பத்தான் கடல்லேர்ந்து வந்தா."

அவர் கை மூக்குக்குப் போகவில்லை.

நர்மதா திரும்பிப் பார்த்தாள். ஜெரினா, பாரி போன தடம் தண்ணீர் வரை குழி குழியாகக் கிடந்தது. அவள் ஓடி வந்த வழியில் மணல் வழவழவென்று இருந்தது. குதிகாலை ஊன்றி மிதித்தாள். மறுபடி மிதித்தாள். ஒன்றும் பதியவில்லை.

வீடு இரண்டு சந்து தள்ளி. ஓடினாள். படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை. வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

கதவைத் தட்டினாள். கையில் சொம்போடு அம்மா கன்னியம்மா வந்தாள். வெளியே போய் வந்தவர் யாராக இருந்தாலும் காலில் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டாள் அவள்.

"எம்மா..."

கன்னியம்மா சொம்பைச் சாய்க்கப் போனாள். நர்மதாவின் காலைப் பார்த்தாள். கை நின்றது.

"கால்ல மண்ணே இல்லியே. நீ எந்த ஊரு பொண்ணும்மா?"

கன்னியம்மாவின் தோளுக்குப் பின்னால் தரையில் ஈரத்தடம். கறுப்பு. வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை.

அங்கே ஒருத்தி சோறு தின்றுகொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது. நர்மதாவின் பழைய பச்சை நைட்டி. சொட்டும் தலைமுடி. நீட்டிய கால்கள், முழங்கால் வரை கறுப்பு.

"யாருமா அது?" என்று கேட்டது. நர்மதாவின் குரல்.

"யாரோ ஒரு மேடம். நம்மு, உனுக்குத் தெர்ஞ்ச பொண்ணா பாரு."

மெல்லுவது நின்றது. தலை திரும்பியது.

நர்மதாவின் முகம்.

மேலும் கீழும் பார்த்தது. சிரித்தது. பல்லிடுக்கெல்லாம் கறுப்பு மணல்.

"சே, யாருன்னே தெரியாது."