விதைநெல்லுக்குள் வைத்த கணினி

கணினி மறுபடியும் அணைந்தது. எச்சரிக்கை இல்லை, திரையில் ஒரு எழுத்து இல்லை. விளையாட்டின் நடுவில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடியவன் ஓடிய இடத்திலேயே இருட்டுக்குள் போனான். விசிறிகளின் இரைச்சல் அடங்கிய கையோடு, பெட்டியின் முன்பக்கத் துளைகளுக்குள்ளிருந்து அந்த நாற்றம் வெளியே வந்தது. எரிந்த வயரின் நாற்றம் என்றால் ஜெயரூபன் அலட்டிக்கொண்டிருக்க மாட்டான். கணினி நாறினால் அப்படித்தான் நாற வேண்டும். இது ஊறவைத்த நெல்லும் புளித்த பாலும் கலந்த, ஈரமான, இளஞ்சூடான நாற்றம். நித்திரையால் எழும்பியவனின் வாய்க்கு முன்னால் மூக்கைக் கொண்டுபோய் வைத்ததுபோல இருந்தது.

"சீ!" என்று கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவன் மனைவி தனுஷியா, ஏழு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இஞ்சாருங்க, புள்ள அசையிறத நிப்பாட்டிற்று."

"நித்திரையாக்கும்."

"இப்பதான் உதைச்சிக்கிட்டுக் கிடந்த. உங்கட பெட்டி நிண்டவுடன இதுவும் நிண்டுட்டு. நேத்தும் இப்பிடித்தான்."

"பெட்டிக்கும் புள்ளைக்கும் என்ன கா கதை?" என்று சிரித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான். விசிறிகள் இழுத்து ஒரு மூச்சு விட்டன. நாற்றம் இன்னும் கொஞ்சம் வந்தது.

"இந்தா, உதைக்கிறான்!" என்றாள் தனுஷியா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, அந்தக் கண்றாவி நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்தாள். "என்ன மணம்!"

ஜெயரூபன் மூக்கைப் பொத்திக்கொண்டான். வயிற்றில் பிள்ளை வந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தப் பைத்தியம். மழை விழுந்த மண்ணைக் கண்டால் வாயூறும். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சையரிசியை அள்ளி நறுக்கு நறுக்கென்று தின்பாள். கிளினிக்கில் மருத்துவிச்சி மிஸ்ஸி ஏசியும் பார்த்துவிட்டார், திரிபோஷா சத்துமாவைத் தின்னச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்துவிட்டார். அவன் அதிகம் வாய் கொடுப்பதில்லை. முன்னர் இரண்டு தடவை தங்காமல் போன வயிறு இது. இந்தத் தடவை ஸ்கானில் கை, கால், விரல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டொக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று அழுதிருக்கிறான். இவள் மண்ணைத்தான் தின்னட்டுமே, பிள்ளை கையில் வந்தால் போதும்.

கணினிக்கு வந்த கேடு வேறு. கார்த்திகை வெள்ளம் இந்த முறை வாவியைத் தூக்கிக் கொண்டுவந்து நாவற்குடா வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனது. முன்னறைச் சுவர் ஊறி உதிர்ந்துவிட்டதால் கட்டில், கணினி, அலுமாரி எல்லாம் இந்த ஓர் அறைக்குள்தான். கலியாண வீடியோ வெட்டி ஒட்டுவதற்கு என்று சொல்லி வாங்கி, விளையாடுவதற்கே வைத்திருந்த பெட்டியை ஜெயரூபன் என்கிற பெரிய மனிதன் மேசைக்குக் கீழே நிலத்தில் வைத்திருந்தான். சேற்றுத் தண்ணீருக்குள் அது ஒரு முழு இரவு குந்தியிருந்தது.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல் செய்கிற மாமனார் அழகரத்தினம் வெள்ளம் வடிந்ததும் உழவு இயந்திரத்தில் மகளைப் பார்க்க வந்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து அவருக்கு மனம் இரங்கிவிட்டது.

"போன் தண்ணிக்குள்ள விழுந்தா அரிசிக்குள்ளதானே மகன் வைக்கிற? இது பெரிய சாமான். நெல்லுக்குள்ள வைப்பம். ஈரத்த எல்லாம் நெல்லு குடிச்சிரும்."

பெட்டியைப் படுவான்கரைக்கு ஏற்றிக்கொண்டுபோய், அடுத்த போகத்துக்கென்று வைத்திருந்த விதைநெல்லைக் குவித்து, அதற்குள் கணினியைப் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். காயப்போட நெல்லுக்குள் வைத்தார்களாம்! ஈர நெல்லைச் சாக்குப் போட்டு மூடிச் சூடேற்றினால் முளைக்கும் என்பது படுவான்கரையில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க விதைத்த மனிதருக்கு அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பெட்டி திரும்பி வந்தபோது வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகுதான் இந்த அணைகிற வியாதி. ஜெயரூபன் பிளக்கை மாற்றினான். மின்சாரம் கொடுக்கிற பெட்டியை மாற்றினான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், பட்டணத்தில் கணினி திருத்துகிற சிநேகிதன் றொனால்டுக்குப் போன் எடுத்தான்.

"சூடு மச்சான்," என்றான் றொனால்ட். "சூடு கூடினா தன்னக் காப்பாத்திக்கொள்ள அதுவா நிண்டுரும். ஸ்குறூ டிறைவரப் பெட்டியில வச்சு, பிடியக் காதில வச்சுக் கேள். எந்த விசிறி முட்டுதெண்டு விளங்கும். மறுகா திறந்து துப்பரவாக்கு."

வாவிக்காரனுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? தோணியில் இருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவன் ஜெயரூபன். அப்படியே குனிந்து கேட்டான். விசிறிகளின் இரைச்சல் கேட்டது. அதற்குக் கீழே, தூரத்தில், இன்னொரு சத்தம் இருந்தது. வேகமாக, ஈரமாக, சளக் சளக்கென்று, நிற்காமல். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தவன், யோசனை போய் நின்ற இடத்தைக் கண்டு காதை வெடுக்கென்று எடுத்துவிட்டான். கிளினிக்கில், தனுஷியாவின் வயிற்றில் கருவியை வைத்தபோது கேட்ட சத்தம் அது.

"விசிறி தேய்ஞ்சு போச்சு," என்று தனக்குத்தானே உரத்துச் சொன்னான்.

மழை பிடித்த பின்னேரம். தனுஷியா குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அவன் கணினியை நிறுத்தி, பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினான். தகடு வரவில்லை; உள்ளேயிருந்து ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தான். புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிக்கிற சத்தத்தோடு வந்தது.

உள்ளே ஒரு வயர் தெரியவில்லை. பெட்டி முழுக்க வெள்ளை வேர். நெல்முளையின் வேர் என்றுதான் முதலில் நினைத்தான். உமியும் அங்கங்கே ஒட்டியிருந்தது. ஆனால் நெல்வேர் நூலைப்போல மெல்லியது. இது புழுவின் பருமன். வழவழவென்று, கொழுத்து, விசிறிகளைச் சுற்றி, பலகைகளுக்கு இடையில் நுழைந்து, சூடு அதிகமான நடுப்பகுதியில் குவிந்து பின்னிக் கிடந்தது. அதன் மேல் மூக்குச்சளி போல ஒன்று படர்ந்திருந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. ஜெயரூபன் ஓங்காளித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. சட்டையை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, விரல்களை உள்ளே விட்டான்.

சூடாக இருந்தது. மனிதச் சூடு.

"இஞ்சாருங்க," என்று குசினிக்குள்ளிருந்து தனுஷியா கூப்பிட்டாள். "வயிறு பிடிச்சு இழுக்குதுங்க."

"பச்சையரிசி திண்டா இழுக்காம என்ன செய்யும்? போய்ப் படு கா!"

பிடித்து இழுத்தான். அறுந்த இடங்களில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. ஒரு வேரின் நுனியில் மெல்லியதாக, பளபளவென்று, உமிபோல ஒன்று ஒட்டியிருந்தது. அரியண்டம்! அதை உற்றுப் பார்க்க அவனுக்கு மனம் ஏவவில்லை. எல்லாவற்றையும் வழித்து ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, கையை எட்டப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் வளவுக் கோடிக்கு ஓடி, மதிலடியில் குப்பையோடு எறிந்தான். சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்தான். மோந்து பார்த்தான். மறுபடி தேய்த்தான்.

பிறகு உள்ளே துடைத்து, சூடு கடத்துகிற புதுப் பசை பூசி, மூடி, கணினியைப் போட்டான். அது கிண்ணென்று எழும்பியது. சூடு ஏறவில்லை, நாற்றம் இல்லை. மிகப் பாரமான விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தான். அணையவேயில்லை. கள்ளச் சாமானே, இதுக்கா இவ்வளவு நாள் என்னைப் பேய்க்காட்டினாய் என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தான்.

"மணம் எங்க?"

தனுஷியா வாசலில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"துப்பரவாக்கிற்றன். இனி நாறாது."

"புள்ள அசையல்லங்க."

"படுத்துப் பார்த்தியா? சீனித்தண்ணி..."

"குடிச்சிட்டன். இடப்பக்கமும் படுத்திட்டன். அசையல்ல." அவள் வாய் கோணியது. "கல்லு மாதிரிக் கிடக்கு."

அவன் வயிற்றில் கையை வைத்தான். குளிர்ந்திருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றிபோல எப்போதும் சுடுகிற வயிறு. குனிந்து காதை வைத்தான். அந்தச் சளக் சளக் சத்தம் வரும் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

விசிறிச் சத்தம் கேட்டது. காய்ந்த, துப்பரவான, வெறும் காற்றின் சத்தம்.

வயிற்றுக்குள்.

ஜெயரூபன் நிமிர்ந்து கணினியைப் பார்த்தான். மறுபடி காதை வைத்தான். அதுதான். அதே இரைச்சல்தான். ஓட்டோ ஓட்டுகிற மஜீட் நானாவுக்குப் போன் எடுத்தான். "ஆஸ்பத்திரிக்கு நானா, கெதியா வாங்க," என்றான். தனுஷியா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆஸ்பத்திரியில என்னத்தப் பார்க்கிற? பெட்டி நிண்டா இது நிக்குதெண்டு நான் சொன்னன்தானே! அதுக்குள்ள இருந்தத என்ன செஞ்சீங்க? எங்க போட்டீங்க? கொண்டு வந்து திருப்பி வைங்க! ஐயோ, கொண்டு வாங்க!"

ஓடினான்.

மழை விட்டிருந்தது. கோடியில் காகங்கள். பை கிழிந்து, வெள்ளை வெள்ளையாகச் சேற்றில் இழுபட்டுக் கிடந்தது. "போ! சனியன்களே, போ!" என்று கத்திக்கொண்டு விழுந்து, இரண்டு கையாலும் வாரினான். நெளிந்தது. வாரும்போது நெளிந்தது. மீன் குடலோடும் முட்டைக்கோதோடும் சேர்த்து அள்ளினான். அங்கேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். எடுத்துவிட்டு மறுபடி அள்ளினான். அவன் பிள்ளை. அவனுடைய பிள்ளை. உடுத்திருந்த சாரத்தை ஏந்தி, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு, வழிய வழிய வீட்டுக்குள் கொண்டு வந்தான்.

ஓடிக்கொண்டிருந்த கணினியின் தகட்டைப் பிடுங்கினான். பெரிய விசிறியின் வயரைக் கழற்றினான். சூடு ஏறட்டும். வேர்களை நடுப்பகுதியில் வைத்து அமுக்கினான். அவை விரலைச் சுற்றின. உதறவில்லை. குசினியிலிருந்து சாக்கை எடுத்து, நனைத்து, பிழிந்து, பெட்டியின் மேலே போட்டான். மாமா விதைநெல்லை மூடுகிற மாதிரி. பதமாக. அன்பாக.

தனுஷியா கட்டிலில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

சூடு ஏறியது. அணைந்துவிடாதே. அணைந்துவிடாதே. சாக்கிலிருந்து ஆவி எழும்பியது. நாற்றம் வந்தது. புளித்த பால், ஊறிய நெல். அவன் அதை மூக்கு நிறைய இழுத்தான். தொண்டைக்குள் எழும்பி வந்ததை விழுங்கினான். மறுபடி இழுத்தான்.

சளக்.

சளக். சளக்.

"இந்தா!" தனுஷியா அவனுடைய சளி அப்பிய கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். வயிறு சுட்டது. உள்ளேயிருந்து ஒன்று உள்ளங்கையில் உதைத்தது. அவன் கட்டிலில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கையை மெல்ல மற்றப் பக்கத்துக்கு நகர்த்தினாள். சிரிப்பு நின்றது.

"இந்தப் பக்கம் உதைக்கிறான்," என்றாள். அமத்திப் பார்த்தாள். இன்னும் அமத்திப் பார்த்தாள். "அந்தப் பக்கம் மட்டும் வெறுமையாக் கிடக்குங்க. முந்தி அங்க ஒரு கை தட்டுப்பட்ட. ஏன்?"

ஜெயரூபன் ஜன்னலைப் பார்த்தான்.

வளவுக் கோடி மதிலில் ஒரு காகம். அதன் சொண்டில் வெள்ளையாக ஒன்று தொங்கியது. நுனியில் குட்டி நகம் மினுங்கியது. விரல்கள் மெல்ல விரிந்தன, மடங்கின. காகம் தலையை அண்ணாந்து அதை விழுங்கியது. சொண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மதிலில் தீட்டியது. பிறகு தாவி வந்து ஜன்னல் கம்பியில் இருந்து, தலையைச் சரித்து, தனுஷியாவின் வயிற்றைப் பார்த்தது.