பச்சை வயலில் பாய்ந்த ரயில்

மைசூரு காந்தி நகரில் செலின் நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரே ஒரு உதவியாளர்தான், அவருடைய கணவர் லூர்துராஜ். சம்பளம் கிடையாது, ஆனால் ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்லை. வருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றவாளி யாரென்று முடிவு கட்டிவிடுகிற மனிதர்.

அன்று வந்தவள் நிம்மி. ஜப்பானில் வயல்களுக்கு நடுவே இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு படத்தை மேசையில் வைத்தாள். தண்ணீர் நிற்கும் நாற்று வயல், அதையொட்டிய உயர்ந்த பாதையில் அதிவேக ரயில். அதன் நீள மூக்கில் இரண்டு சிவப்பு விளக்குகள். வயல் தண்ணீரிலும் அதே இரண்டு சிவப்பு. அப்பா, என்ன படம்! லூர்துராஜே குற்றவாளியை மறந்து படத்தின்மேல் குனிந்தார்.

போன வருடம் இதைத் தன் ஃபோனில் எடுத்துப் பங்குக்கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டாளாம். பிறகு அந்த ஃபோன் வாய்க்காலில் விழுந்து மூலப்படமும் போயிற்று. இப்போது பங்குக்கோயில் கண்காட்சியில், கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் ரயான் இதே படத்தைப் பெரிதாக்கித் தன் பெயரில் மாட்டி முதல் பரிசும் வாங்கிவிட்டான். கீழே ஒரு தலைப்பு வேறு: ‘என்னை நோக்கி வரும் மின்னல்’. அவனும் அந்த நாட்டுக்குச் சுற்றுலா போனவன்தான். ‘நான்தான் நிம்மிக்கு அனுப்பினேன்’ என்கிறான். கை நீளத்துக்குக் கேமரா வைத்திருப்பவன் சொன்னால் ஊர் நம்பாமல் இருக்குமா?

“அம்மா பூசைக்குப் போறதையே நிறுத்திட்டாங்கக்கா. பொய் சொன்னவளோட அம்மான்னு பாக்குறாங்களாம். அடுத்த வாரம் நான் கிளம்பணும். இந்தப் பேரோட எப்படிப் போறது?”

படத்தை எப்படி எடுத்தாய் என்று செலின் கேட்டார். நிம்மி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது மட்டும் வேண்டாம்க்கா. சொன்னா சிரிப்பாங்க.”

அவள் போனதும் லூர்துராஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொய் சொல்கிறவள் இவள்தானாம். செலின் கணவரை ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து வந்து திரும்பவும் சென்னைக்கே கிளம்பும் வந்தே பாரத் ரயில் அங்கே நின்றிருந்தது. அது கிளம்பிக் கண்ணுக்கு மறையும்வரை செலின் அசையவில்லை.

“இதைத் திருப்பவே இல்லையே. வந்தபடியே போகுது” என்றார் லூர்துராஜ்.

“ஹௌது,” என்று கன்னடத்தில் ஆமோதித்தார் செலின். “ரெண்டு பக்கமும் ஒரே மூக்கு. அதுக்குத்தான் வந்தேன்.”

லூர்துராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் மண்டபத்தில் கூடினார்கள். படத்தை அங்கேயே நிரந்தரமாக மாட்டுகிற நாள் அது. நிம்மி கையைப் பிடித்து அழைத்து வந்ததால் அவளுடைய அம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்த கதையைச் சொல்லும்படி செலின் கேட்க, ரயானுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ரயில் நேராகத் தன்னை நோக்கிப் பாய்ந்ததையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியான நொடியில் தான் பொத்தானை அமுக்கியதையும் கைகால் ஆட்டி விவரித்தான். கைதட்டல்கூடக் கிடைத்தது.

“நிம்மி, இப்ப நீ சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும்.”

நிம்மி எழுந்தாள்.

“லீவு நாளெல்லாம் வரப்புல போய் நிப்பேன். சத்தம் கேட்டு ஃபோனைத் தூக்குறதுக்குள்ள ரயில் தாண்டிடும். அன்னிக்கும் விட்டுட்டேன். ஆத்திரத்துல திரும்பி, போற ரயிலை எடுத்தேன். எனக்குக் கிடைச்சது அதோட வால்தான்.”

மண்டபம் சிரித்தது. ரயான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். “வாலாம்! இவ்ளோ பெரிய மூக்கு தெரியலையா?”

“மூக்கு ரெண்டு பக்கமும் இருக்கு ரயான்” என்றார் செலின் நிதானமாக. “மூக்கு இருக்குற பக்கம்தான் முன்பக்கம்னு நீ நினைச்சுட்ட. சரி, நம்ம மைசூரு ரயிலோட கடைசிப் பெட்டியில என்ன நிறத்துல விளக்கு எரியும்?”

ரயான் வாயைத் திறக்குமுன், “சிவப்பு!” என்று கத்திவிட்டார் லூர்துராஜ். கத்திய பிறகுதான் அவருக்கே விஷயம் புரிந்தது.

“அங்கேயும் அப்படித்தான். எதிரே வர்ற ரயிலுக்கு வெள்ளை, போற ரயிலுக்குச் சிவப்பு. படத்துல இருக்குறது என்ன நிறம்? உன்னை நோக்கி வந்த ரயில் இது இல்லப்பா. அவளைத் தாண்டிப் போன ரயில். இதை நான் அவகிட்டயும் சொல்லலை. அவளுக்கு வெக்கமா இருந்த விஷயமே அவளுக்குச் சாட்சி.”

மண்டபத்தில் அத்தனை தலைகளும் படத்தின் பக்கம் திரும்பின. ரயான் தரையைப் பார்த்தான். குழுவிலிருந்து எடுத்ததுதான், அங்கே போய் அத்தனை நாள் அலைந்தும் தனக்கு இப்படி ஒன்று அமையவில்லை என்று மெல்லச் சொன்னான். அவன் பெயர்ச்சீட்டைப் பங்குத்தந்தையே கிழித்தெடுத்தார். புதிய தலைப்பு என்ன வைக்கலாம் என்று அவர் கேட்டபோது நிம்மி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்து முன்னால் வந்தார். படத்தின் பக்கத்தில், வழிபாட்டுக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்றுகொண்டார். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், மண்டபம் காலியாகும்வரை, ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்.

“என் மக கோட்டை விட்ட ரயில் இது. நல்லாப் பாருங்க.”