பின்னாலேயே வந்த பச்சை வண்டி

கமலினிக்கு வயது பத்து. ஆனால் சந்தேகப்படுவதில் அவளுக்கு நாற்பது வயது என்று அப்பா தேவராஜா கேலி செய்வார். கமலினி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

அது 1976ஆம் ஆண்டு, ஈஸ்டர் விடுமுறை. யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அப்பா ஒரு பழைய ஸ்டேஷன் வாகன் கார் வாங்கிவிட்டார். அதில் முதல் நெடும்பயணம். விடியுமுன் வீடு இருந்த கிளேட்டனில் புறப்பட்டால், பொழுதுபடும் நேரத்தில் பக்கத்து மாநிலத்தில், ரென்மார்க் ஊரின் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துவிடலாம்.

புறப்படும்போது அம்மா இரஞ்சிதம் தோட்டத்து மரத்தில் மூன்று தேசிக்காய் பிடுங்கினார். தேசிக்காய் என்றால் எலுமிச்சைதான். செத்தல் எனப்படும் காய்ந்த மிளகாய் ஏழும் சேர்த்துக் கறுப்பு நூலில் கோத்தார்.

"முன்னுக்குக் குடிக்கிற தண்ணிப் பை தொங்குது. நான் பின்னுக்குப் பம்பரில கட்டுறன். கண்ணூறு எந்தப் பக்கத்தாலும் வரும்தானே!"

கண் திருஷ்டி பற்றிய அந்தக் கவலையைக் கேட்டு அப்பா சிரித்தார். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை.

மத்தியானம் ஊயென் என்ற ஊரில் பெட்ரோல் அடிக்க நின்றார்கள். அங்கேதான் கமலினி அந்த ஆளைக் கண்டாள். பெரிய தொப்பி, சிவந்த தாடி. அவர்களுடைய காரின் பின்னால் குந்தியிருந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலினி பார்ப்பதைக் கண்டதும் எழுந்து, தன் பச்சை நிற வண்டிக்குப் போய்விட்டார். பின்பக்கம் பெட்டிபோலத் திறந்திருந்த பழைய வண்டி அது.

"அப்பா, அந்த ஆள் எங்கட காரை நோட்டம் பாக்கிறார்!"

"டயரைப் பாத்திருப்பார் பிள்ளை."

"டயரைப் பாக்கிற மாதிரித் தெரியேல்லை. களவெடுக்கப் பாக்கிற மாதிரி இருக்கு."

கார் புறப்பட்டது. கமலினி பின் இருக்கையில் முழங்காலிட்டுப் பின்கண்ணாடி வழியே காவல் இருந்தாள். செம்மண், குட்டையான மரங்கள், முடிவே இல்லாத தெரு. அரை மணி நேரத்தில் தொலைவில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அது நெருங்கி வந்ததும் பேனையை எடுத்து, அந்த வண்டியின் நம்பரைத் தன் கையில் எழுதிக்கொண்டாள்.

"இந்தத் தெருவில போற எல்லாரும் எங்களுக்குப் பின்னாலதான் வரவேணும். வேற தெரு இல்லையே!" என்றார் அப்பா. ஆனாலும் கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்க்கத் தொடங்கினார்.

மாநில எல்லையில் சோதனைச்சாவடி. பெரிய பலகையில் ஒரு ஈயும், புழு நெளியும் ஆரஞ்சுப் பழமும் வரையப்பட்டிருந்தன.

"பழம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார் அதிகாரி.

அம்மா மனமேயில்லாமல் ஆறு வாழைப்பழங்களை எடுத்துக் கொடுத்தார். "வேறொன்றும் இல்லை," என்றார் அப்பா. அதிகாரி காரின் பின்கதவைக் கீழ்ப்பக்கமாக மடித்துத் திறந்து, பெட்டிகளைப் பார்த்தார்.

"ஏன் பழம் கொண்டுபோகக் கூடாது?" என்று கமலினி கேட்டாள்.

"ஒரு பழத்துக்குள் ஈயின் புழு இருந்தால் போதும், கெட்டிக்காரி. அது பெருகி இந்தப் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் நாசமாக்கிவிடும்."

அவர் கதவை மூடிக் கையசைத்தார்.

சிறிது நேரத்தில் பச்சை வண்டி மறுபடியும் வந்தது. இந்தமுறை சும்மா வரவில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. ஹோர்ன் அடித்தது. அந்த ஆள் கையை வெளியே நீட்டி எதையோ சுட்டிக் காட்டினார்.

"ஐயோ, வேகமா ஓட்டுங்கோ!" அம்மா அலறினார்.

அப்பா மிதித்தார். கார் கடகடவென்று ஆடியது. அவ்வளவு வேகத்தை அந்தக் கார் தன் வாழ்நாளில் கண்டிருக்காது.

ஆற்றங்கரை முகாமில் பாதை முடிந்தது. முன்னால் அகலமான ஆறு. பின்னால் பச்சை வண்டி வந்து நின்றது. அங்கே வேறு ஒருவரும் இல்லை.

"கண்ணாடியை ஏத்துங்கோ!" என்றார் அம்மா. அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து கார்ச் சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்தார்.

அந்த ஆள் கிட்ட வரவில்லை. காரின் பின்பக்கத்தைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினார். கமலினி அவருடைய வண்டியைக் கவனித்தாள். அதில் வெற்று மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆரஞ்சுப் படம்.

ஆரஞ்சு. புழு. காரின் பின்பக்கம்.

"அம்மா! சாவடியில தேசிக்காயைக் குடுத்தனீங்களோ?"

"ஏன் குடுக்க? அது பழமில்லைப் பிள்ளை, காவல்!"

"அம்மா, அந்த ஈக்கு அது தெரியுமோ?"

கமலினி சாவடியில் நடந்ததை நினைத்துப் பார்த்தாள். மடித்துத் திறந்த கதவு பம்பரில் தொங்கிய தேசிக்காயை மறைத்திருக்கிறது. அதிகாரி அதைக் காணவே இல்லை.

"அப்பா, என்னோட வாங்கோ. அவர் கள்ளன் இல்லை."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கமலினி இறங்கினாள். காரின் பின்பக்கம் போய்த் தொங்கிய மாலையைத் தூக்கிக் காட்டி, "இதற்காகத்தானே வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்த ஆள் தொப்பியைக் கழற்றிப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! சாவடியில் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேயும் தப்பிவிட்டது. நீங்களோ விமானம் மாதிரிப் பறக்கிறீர்கள்! எனக்கு எண்ணூறு ஆரஞ்சு மரங்கள், பாப்பா. இதில் ஒரு புழு இருந்தால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான்." அவர் பெயர் கெவின்.

அப்பா இரும்பை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"தாருங்கள், நான் கொண்டுபோகிறேன்," என்றார் கெவின்.

அம்மா பாய்ந்து வந்தார். "கண்ணூறுக்குக் கட்டினதை இன்னொராளின்ர கையில குடுக்கக் கூடாது! ஆத்திலதான் விடவேணும்."

கமலினி மொழிபெயர்த்தாள். கெவின் அதிர்ந்துபோனார். "ஆற்றிலா? வேண்டவே வேண்டாம்! ஆறு போகும் வழி முழுக்கத் தோட்டம்!"

இருவரும் விடுவதாக இல்லை. கமலினி யோசித்தாள்.

"அம்மா, வீட்டில கண்ணூறு கழிச்சா மிளகாயை என்ன செய்வீங்கள்?"

"நெருப்பில போடுவன்."

"அப்ப இதையும் நெருப்பில போடுங்கோ. புழுவும் செத்துப்போகும், கண்ணூறும் போயிடும்."

அம்மாவும் கெவினும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அப்பா விறகு அடுக்கி நெருப்பு மூட்டினார். கெவினிடம் கண்ணூறு பற்றிக் கமலினி விளக்கினாள். அவர் தாடியைச் சொறிந்தார். "இன்று முழுக்க உங்கள் காரை முறைத்துப் பார்த்தவன் நான்தானே! அந்தக் கெட்ட கண் என்னுடையதோ?"

"நெருப்பு சொல்லும்," என்றாள் கமலினி. "மிளகாய் எரியும்போது இருமல் வராவிட்டால் கெட்ட கண். வந்தால் இல்லை."

அம்மா மாலையை நெருப்பில் போட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா ஓரக்கண்ணால் கெவினைப் பார்த்தார். கெவின் பாவம், பரீட்சை எழுதிய பையனைப்போல நின்றார்.

திடீரென்று காற்றுத் திரும்பியது.

"லொக்! லொக்!" அப்பா இருமினார். அம்மா இருமினார். கெவின் குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய இருமினார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல மனுசன்! பிள்ளை, அவருக்கும் ஒரு தட்டு எடு. புட்டு நிறைய இருக்கு."

தட்டு எடுக்கப் போகுமுன், கமலினி ஆற்றோரம் இறங்கினாள். கையில் எழுதியிருந்த வண்டி நம்பரைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.