இணைப்பு இல்லாதபோது வந்த அழைப்பு

புதுப்பித்து முடித்துக் கணினி மறுபடி எழுந்தபோது, திரையின் மூலையில் இணைப்புக் குறி இருக்கவேண்டிய இடத்தில் குறுக்கே கோடு போட்ட ஓர் உருண்டை இருந்தது. உல்ஃபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுவதும் காலையிலிருந்து பாலைவனக் காற்றில் மூழ்கிக் கிடந்தது. அடைத்த சன்னல்களின் இடுக்கு வழியே நுழைந்த செம்புழுதி எழுத்துப்பலகை மேல் படிய, சமையலறையில் ஆறிப்போன மீன்குழம்பின் வாடை அந்தப் புழுதியோடு கலந்து தொண்டையை அடைத்தது.

மருத்துவ அறிக்கை ஒன்றைப் பிரெஞ்சிலிருந்து அரபியில் பெயர்த்து மாலைக்குள் அனுப்பவேண்டும். அதைவிட முக்கியம், இது லுத்ஃபி கூப்பிடும் நேரம். கடல் தாண்டி மார்செய்யில் கட்டட வேலைக்குப் போன கணவன் போன கோடையிலிருந்து தினமும் பிற்பகலில் இந்தத் திரையில்தான் முகம் காட்டுகிறான். கைப்பேசியில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வேலையிடத்தில் விடமாட்டார்களாம்.

கொழுந்தன் ஜுஹைருக்குப் போன் செய்தாள். கணினியை வாங்கி வந்ததும், சுவருக்குள் கம்பி இழுத்து இணைப்புக் கொடுத்ததும் அவன்தான். நடந்ததைச் சொன்னாள்.

“யாரு உங்கள அப்டேட் பண்ணச் சொன்னது, அண்ணி?”

“அதுவாத்தான் கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன்.”

“இனிமே எதையும் தொடாதீங்க. நான் வந்து பாக்குறேன்.”

அவன் தெற்கே காபெஸ் ஊரில் இருந்தான். இந்தக் காற்றில் வந்து சேர இருட்டிவிடும். அதுவரை காத்திருக்க அவளால் முடியாது. கைப்பேசியில் தத்தித் தத்தித் திறந்த ஒரு பக்கம் சொன்னபடி கணினியின் வலையிணைப்பு அட்டையின் பழைய மென்பொருளை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினாள். உருண்டை போகவில்லை. கடைசி வழியாக ரௌட்டரை மின்சாரத்திலிருந்து பிடுங்கிச் சிறிது நேரம் விடச் சொல்லியிருந்தது. தாழ்வாரத்துக்குப் போய்ப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

அறைக்குத் திரும்பியபோது கணினி அழைத்துக்கொண்டிருந்தது.

லுத்ஃபி.

கை தானாகவே நீண்டு எடுத்தது. அதே முகம், அதே இடப்பக்கச் சாய்வு, அதே சிரிப்பு.

“சாப்பிட்டியா, உல்ஃபா?”

அவள் எட்டிப் பார்த்தாள். கணினிக்குப் பின்னால், கம்பி செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு துடித்தது. ரௌட்டர் செத்துக் கிடக்க, இந்தக் கம்பிக்கு உயிர் எங்கிருந்து வருகிறது?

சன்னலுக்கு வெளியே பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு தொடங்கியது. தெருமுனைப் பள்ளிவாசலின் கரகரத்த குரல். பாதியில் பாங்கு சொல்பவர் இருமினார். இருமல் சன்னலிலும் கேட்டது. கணினியிலும் கேட்டது.

புதுப்பித்ததில் ஜுஹைர் செய்துவைத்திருந்த அமைப்புகள் எல்லாம் அழிந்திருந்தன. அவன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும் மங்கலாக்கிய பின்னணி இன்று இல்லை. பூசாத செங்கல் சுவர். துருத்திய இரும்புக் கம்பிகள். கண்ணாடி வைக்காத சன்னல் ஓட்டை வழியே சுழன்று வரும் செம்புழுதி.

மேல்மாடி. இதே வீட்டின், பாதி கட்டி விட்ட மேல்மாடி. திருடர் பயம் என்று ஜுஹைர் போன கோடையில் தாழ்வாரத்திலிருந்து ஏறும் அதன் படிக்கட்டைச் செங்கல் வைத்து அடைத்தான். மேலே ஏதோ நடமாடுகிறது என்று அவள் சொன்னபோது புறா என்றான். லுத்ஃபியிடம் கேட்டாள். அவனும் புறா என்றுதான் சொன்னான். இருவரும் அவளிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே.

“எங்க இருக்கீங்க, லுத்ஃபி?”

“சாப்பிட்டியா, உல்ஃபா?”

புழுதி அவன் தலையில் படிந்தது. இமையில் படிந்தது. திறந்த கண்மணியின் மேல் படிந்தது. அவன் இமைக்கவில்லை.

கம்பியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

கைப்பேசி அடித்தது. ஜுஹைர் அழுதுகொண்டிருந்தான்.

“கழட்டிட்டீங்களா, அண்ணி?”

“அவரை என்ன பண்ணின?”

“நீங்க பேசிக்கிட்டிருந்தா செத்த அண்ணன் கீழ இறங்காம மேல்மாடியிலயே இருப்பான். அதுக்குத்தான்... தினமும் நீங்க பேசினா போதும்னு...”

“என்னைக் கேட்டியா?”

 அவன் இணைப்பைத் துண்டித்தான்.

தலைக்கு மேலே நாற்காலி நகர்ந்தது. பிறகு காலடி. வெறுங்கால். படியில் இறங்கியது. இன்னொரு படி. தாழ்வாரத்தில் பூச்சு உதிர்ந்தது.

வாசற்கதவு தாழ்வாரத்தின் மறுகோடியில். படிக்கட்டை அடைத்த அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

போனாள்.

ஒரு செங்கல் உள்ளிருந்து மெல்ல நகர்ந்தது. விழுந்தது. இடைவெளியில் இருட்டு. இருட்டில், புழுதி மூடிய ஒரு கண். இமைக்காமல்.