முப்பத்திரண்டு பெண்களும் ஓர் ஆய்வேடும்

"ஒரு சொல்லுத்தானே ரபீக்கா! அதச் சொல்லிப்போட்டு வாறதுக்கு உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

றஊப் கோப்பையை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் மேசையில் சிந்தியது. ரபீக்கா துணியை எடுத்துத் துடைத்தாள். குசினியில் ரொட்டி கருகும் மணம் வந்தது. அதைப் பார்க்க யாரும் எழும்பவில்லை. அவளே ஓடிப்போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

கிண்ணியாவில் அது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. கணவன் றஊப், கணவனின் தாய் நஜ்முன் நிஸா, கணவனின் தம்பி நிப்றாஸ் என்று எல்லோரும் இருபது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழேதான். அந்தக் காலை மூன்று பேரும் ஒரு பக்கம் இருந்தார்கள். அவள் மட்டும் மறுபக்கம் நின்றாள்.

மேசையில் பல்கலைக்கழகக் கடிதம் கிடந்தது. அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலைமாணிப் பட்டத்துக்காக ரபீக்கா தமிழில் கொடுத்த ஆய்வேடும், முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்காக நிப்றாஸ் ஆங்கிலத்தில் கொடுத்த ஆய்வேடும் ஒன்றுதான் என்று இரண்டையும் வாசித்த பரிசோதகர் எழுதியிருந்தார். அதே பெண்கள், அதே அட்டவணைகள். வியாழக்கிழமை இருவரும் நேரில் வந்து விளக்கம் கொடுக்க வேண்டும்.

"மச்சி, எனக்கு இந்த டிசம்பரோட எட்டு வருசம் முடியுது," என்றான் நிப்றாஸ். அவனுடைய குரல் கெஞ்சியது. கண் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. "அதுக்குள்ள பட்டம் கையில இல்லாட்டி விரிவுரையாளர் வேலை நிரந்தரமாகாது, வீட்ட அனுப்பிருவாங்க. உங்களுக்கு அப்பிடியில்லயே... எம்.ஏ. இல்லாட்டியும் நீங்க டீச்சர்தானே?"

"அதனால... உங்களிட்டப் பாத்து எழுதினனான் எண்டு நான் சொல்லோணுமா தம்பி?"

"பாத்துத்தானே எழுதினா!" றஊப்பின் பக்கத்தில் இருந்த மாமி வெடித்தாள். "என்ட புள்ள கண்முழிச்சு எழுதினதக் களவெடுத்துப்போட்டு, இப்ப ஒண்டும் தெரியாதவள் மாதிரி நிக்கிறா!"

"மாமி... நீங்க என்னோட வந்தீங்களே! வீடு வீடா, பக்கத்துல இருந்து கேட்டீங்களே!"

"வந்தன்தான். அவனுக்காகத்தானே நீ விசாரிச்சா? மச்சி எனக்குத் தகவல் சேர்த்துத் தாறா எண்டு அவன் அப்பவே சொன்னானே!"

ரபீக்கா திரும்பி நிப்றாஸைப் பார்த்தாள். அவன் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். மாமி பொய் சொல்லவில்லை. மாமியிடம்தான் பொய் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

அவன் இந்த வீட்டுக்கு வந்தபோது பதினான்கு வயது. உயர்தரப் பரீட்சைக்கு அரசியல் விஞ்ஞானத்தை அவளே சொல்லிக்கொடுத்தாள். அவன் பல்கலைக்கழகம் போனான், விரிவுரையாளன் ஆனான். அதைப் பார்த்த பிறகுதான் தானும் ஒரு மேற்பட்டம் படிக்கலாம் என்ற ஆசை அவளுக்கு வந்தது. சனி ஞாயிறுகளில் வகுப்பு. விடியுமுன் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். நூற்றுக்கு எண்பது வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வாப்பா மௌத்தாகி அடக்கம் நடந்த மாதம் வரவு குறைந்து, ஒரு பாடத்தை அடுத்த வருடம் முதலிலிருந்து படித்தாள். பாடங்கள் எல்லாம் சித்தியடைந்து, ஆய்வு முன்மொழிவையும் ஏற்கச்செய்த பிறகு மிஞ்சியது ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும்தான்.

பிரதேச சபைத் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியபோது போட்டியிட்ட பெண்கள்தான் அவளுடைய ஆய்வு. முஸ்லிம்களும் தமிழர்களுமாக முப்பத்திரண்டு பேர். குச்சவெளியிலிருந்து வெருகல் வரை தேடிப்போனாள். தனியே போனால் ஊர் கதைக்கும் என்று மாமியைக் கூட்டிப் போனாள். எழுதத் தொடங்கும்போது றஊப்புக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒன்றரை வருடம் அவள் பேனையைத் தொடவில்லை. "தாங்க மச்சி, நான் ஒழுங்குபடுத்தி வைக்கிறன்," என்று நிப்றாஸ் குறிப்புகளும் அட்டவணைகளும் உள்ள எல்லாக் கோப்புகளையும் வாங்கிக்கொண்டு போனது அப்போதுதான். அவற்றைத் திருப்பி வாங்கித்தான் அவள் பிறகு எழுதி முடித்தாள்.

"இஞ்ச பார் ரபீக்கா," றஊப்பின் குரல் இறங்கியது. "என்ட நெஞ்ச வெட்டித் தச்சிருக்காங்க. இவன்ட வேலை போனா என்னால தாங்க ஏலாது... சொல்லிட்டன்."

அவள் மேசையில் கிடந்த கடிதத்தை மடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"சரி... சொல்றன்."

வியாழக்கிழமை வேனில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். மனம் மாறிவிடுவாளோ என்ற பயத்தில் நிப்றாஸ் தாயையும் கூட்டி வந்திருந்தான். விசாரணை அறைக்கு வெளியே நீண்ட வாங்கு ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையில் ரபீக்கா இருந்தாள். மறுமுனையில் நிப்றாஸ் ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு தாயின் காதருகே குனிந்தான்.

"உம்மா, வெருகல்ல ஒரு தமிழ்ப் பொம்புள... தேர்தல்ல வெண்டவ. எதுக்கு அழுதா?"

"சபையில வாயத் தொறக்க விடேல்ல எண்டுதான். கதிரை தந்தாங்க, கதைக்க விடேல்ல எண்டா."

"குச்சவெளியில? அந்த வீட்டுல ஆரெல்லாம் இருந்தாங்க?"

"அவள்ட மாப்பிள வாசல்ல நிண்டான். அவன் போகுமட்டும் அவள் ஒண்டும் கதைக்கல்ல..." மாமி நிறுத்தினாள். மகனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ எழுதின பொஸ்தகம்தானே வாப்பா? ஏன் என்னட்டக் கேக்கிறா?"

"மறந்திட்டன் உம்மா. சொல்லுங்களன்!"

மாமி மகனிடமிருந்து நகர்ந்தாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த தலையுடன் ஒரு பேராசிரியை. அவர் கேட்குமுன்பே ரபீக்கா சொல்லிவிட்டாள். "பிழை என்னிலதான் மெடம். நான் தம்பிட ஆய்வப் பாத்து எழுதினனான்."

"இது என் சொந்த ஆக்கம் எண்டு முதல் பக்கத்தில கையெழுத்து வச்சிருக்கிறீங்களே?"

"அது... பொய்."

ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். ஆறு வருடப் படிப்பு நாலே வரியில் முடிந்துபோனது.

பேராசிரியை அதை வாசித்துவிட்டு இரண்டு ஆய்வேடுகளையும் புரட்டினார். "ஒரு சந்தேகம். ரபீக்கா, உங்கட தமிழில, 'என் கணவரின் தாயார் உடன் வந்ததால் பெண்கள் மனம் திறந்து கதைத்தனர்' எண்டு இரிக்கு. நிப்றாஸ், உங்கட ஆங்கிலத்தில 'என் தாயார்' எண்டு இரிக்கு. ரெண்டும் ஒரே ஆள்தானே? அவ இப்ப எங்க?"

"வெளியில இரிக்கிறாங்க," என்று ரபீக்காவின் வாய் அவளை அறியாமலே சொல்லிவிட்டது.

மாமியைக் கூட்டி வந்தார்கள். கதிரை காட்டியும் அவள் இருக்கவில்லை. நிப்றாஸின் முகத்தில் சற்றுத் தெளிவு வந்தது. தாய் அவனுடைய தாய் அல்லவா!

"உம்மா, அந்தப் பெண்கள்ட வீடுகளுக்கு நீங்க ஆரோட போனீங்க?" என்று கேட்டார் பேராசிரியை.

மாமி மகனைப் பார்த்தாள். தன்னைச் சொல்லும்படி அவன் தலையை மெதுவாக அசைத்தான். அவள் பேராசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியா மகள். ஆனா கண் தெரியும்... நான் போனது என்ட மருமகளோட. மழையிலயும் போனம், வெயிலிலயும் போனம். எழுதினது அவள். என்ட மகன்... அவன் ஒரு வீட்டுப் படியும் மிதிக்கல்ல."

"உம்மா!" நிப்றாஸ் கத்தினான். "என்ன செய்றீங்க எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்டா... தெரிஞ்சுதான் சொல்றன். இவ்வளவு நாளும் தெரியாமத்தான் இவளக் கள்ளியெண்டன்!"

அவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். ரபீக்கா ஓடிப்போய்த் தாங்கினாள். அந்த மெலிந்த உடம்பு அவளுடைய கைக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதது.

"என்னை மன்னிச்சிரு புள்ள... உன்ட சோத்தத் திண்டுகொண்டே உன்ன ஏசினன்..."

"வேணாம் மாமி... அழாதீங்க மாமி..."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்லதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நிப்றாஸின் ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. டிசம்பரில் வேலையும் போனது. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டாருக்கு வேலை தேடிப் போனான். போகும்போது தாயிடம் சலாம்கூடச் சொல்லவில்லை. பொய் வாக்குமூலம் எழுதியதற்காக ரபீக்காவின் வாய்மொழிப் பரீட்சையை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். றஊப் அவளோடும் தாயோடும் மாதக்கணக்காகக் கதைக்கவில்லை. மாமி ஒரு கவளத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை. விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு அவள் யாருக்காக அவ்வளவு நேரம் கையேந்துகிறாள் என்பது ரபீக்காவுக்குத் தெரியும். கேட்டதில்லை.

வருடம் முடிந்து பரீட்சைக்கான நாள் வந்தது. மாமியும் அவளோடு புறப்பட்டாள். றஊப் பஸ் நிலையம் வரை கூட வந்தான். பஸ் புறப்படும்போது யன்னலருகே வந்து, "பயப்பிடாமக் கதை," என்றான். அவ்வளவுதான். அதற்கே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கேட்டார். "முப்பத்திரண்டு பேரில இருபத்தேழு பேர் இனிப் போட்டியிடமாட்டம் எண்டிருக்கிறாங்க. சபைகள்தான் காரணம் எண்டு சொல்லலாமா?"

"பாதிதான் சேர். சபைக்குப் போறதுக்கு முந்தியே வீட்டுல தோற்கடிச்சிட்டாங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்காக விட்டுக்கொடுத்தம் எண்டுதான் கனபேர் சொன்னாங்க. அத அவங்க தோல்வியெண்டு சொல்லல்ல... கடமையெண்டு சொன்னாங்க."

பரிசோதகர் அதைக் குறித்துக்கொண்டார். சிறு திருத்தங்களுடன் ஆய்வேடு ஏற்கப்பட்டது.

வெளியே மாமி எழுந்து நின்றாள். "என்ன மகள்?"

"பாஸ் மாமி..."

மாமி அவளைக் கட்டிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பிக்கு... ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லட்டா? நல்ல செய்திதானே..."

ரபீக்கா எண்ணை அழுத்தி அவள் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. மறுமுனையில் யாரோ எடுக்காமலே துண்டித்தார்கள். மாமி இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"வேலையில நிப்பான்," என்றாள் கடைசியில்.

"ஓம் மாமி. வேலையில நிப்பார்."

ரபீக்கா கைத்தொலைபேசியை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, மாமியின் கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.